புள்ளி வைத்த சொல்

எஸ்தோனியாவின் வல்கா நிலையத்தில்
தண்டவாளச் சரளைக்குள் வேர்விட்ட களை.
அவ்வூரார் இட்ட பெயர் குயிலின் குதிமுள்.
குயிலுக்கு ஏது குதிமுள் என்று
ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மஞ்சள் பூ. மூடிய வாய்.
கீழுதட்டில் ஆரஞ்சுத் திட்டு.
பின்னால் நீண்டு தொங்கும் ஒற்றை முள்ளில் தேன்.
வண்டு தன் எடையை வைத்தால்தான் வாய் திறக்கும்;
எடை போதாதவை வாசலோடு திரும்ப வேண்டும்.

சரக்கு வண்டிகளின் சக்கரங்களைச்
சுத்தியலால் தட்டிக் காதுகொடுக்கும் ஏவால்ட்
ஒரு ஜூலையில் வேறொன்றைப் பார்த்தார்.
வாய் இல்லை. உதடு இல்லை.
குழலாய் நிமிர்ந்த பூ, அடியில் ஐந்து முள்.
ரொட்டி சுற்றிய தாளில் வேரோடு பொதிந்து
தார்த்து போகும் ரயிலில் கொடுத்தனுப்பினார்.

ஹெல்வே அதை வேர்த்துண்டு வேர்த்துண்டாய்ப் பெருக்கினாள்.
ஏழு வருடம், நாற்பத்தொரு தொட்டி.
பூவாகும் முன் இருக்கும் பூவைப் பார்ப்பது அவள் வேலை.
கடுகில் பாதி, அதிலும் பாதி.
ஊசிமுனையால் மேல்செதிலை விலக்கினால்
நுண்ணோக்கியின் கீழே ஒரு மேடு,
மேட்டைச் சுற்றிச் சிறு புடைப்புகள்,
இதழா தாளா என்று
இன்னும் பார்த்துச் சொல்ல முடியாதவை.

தண்டை ஒட்டிய ஓரத்தில்
ஒரு மரபணு விழித்திருக்கும்.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: மேல்.
சொல் எட்டிய இடத்து இதழ்கள் மேலுதடாகும்.
அங்கே முளைக்கத் தொடங்கிய ஐந்தாம் மகரந்தத்தாளுக்கோ
அதே சொல்லின் பொருள் போதும்.
அது குட்டையாகவே நின்றுவிடும்.
சொல் எட்டாத அடி இதழ்
தன் போக்கில் நீண்டு முள் விடும்.

வல்காச் செடியில் அந்தச் சொல் எழவில்லை.
மேல் என்று சொல்ல ஆளில்லாமல்
ஐந்தும் கீழ். ஐந்துக்கும் முள். ஐந்து தாளும் முழு உயரம்.
சமத்துவம் என்று இங்கே எழுதிவிட்டு
அடித்துவிட்டேன்.
அந்தக் குழலுக்குள் வண்டுக்கு வழி தெரிவதில்லை;
விதை பெரும்பாலும் வைப்பதில்லை.

சொல் தொலைந்துவிட்டதா என்று
மரபணுவை எழுத்தெழுத்தாய்ப் படித்தார்கள்.
ஓர் எழுத்தும் மாறவில்லை.
எழுத்துகளின் மேல் மெத்தில் ஒட்டியிருந்தது,
பொடிப்பொடியாய்.
தமிழில் சொல்வது எளிது:
க-வின் மேல் ஒரு புள்ளி.
மெய் அங்கேயேதான் இருக்கிறது,
குரல் அடங்கிவிட்டது.
வேரை வெட்டி நட்டால் புள்ளியும் கூடவே வரும்.

ஜனவரியில் சண்டை.
இருபத்தாறாம் தொட்டியில் ஒரு சாதாரணப் பூ,
வாயும் உதடும் ஒற்றை முள்ளுமாய்.
பெயர்ச்சீட்டை மாற்றிக் குத்தியிருக்கிறாய் என்றாள் மாரிகா.
என் கையெழுத்தைப் பார் என்றாள் ஹெல்வே.
கையெழுத்தைச் சொல்லவில்லை, கையைச் சொல்கிறேன்.
அதன்பின் பேச்சில்லை.
நாலு மணிக்கே வெளியே இருட்டு;
கண்ணாடி வீட்டின் விளக்குகள் மட்டும்
கோடையென்று செடிகளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

பதினொரு நாள் கழித்து
அதே தண்டில், அந்தப் பூவுக்கு மேலே
ஐந்து முள்ளோடு ஒன்று விரிந்தது.
அதற்கும் மேலே இரண்டுங்கெட்டானாய் ஒன்று:
மூன்று முள், கோணலாய் ஓர் உதடு.
ஒரே தண்டுக்கு எத்தனை சீட்டு எழுதுவது?

மாரிகா தொட்டியைத் தூக்கிவந்து
ஹெல்வேயின் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
கைலென்ஸை நீட்டினாள். அவ்வளவுதான்.

எங்கோ ஒரு செல்லில் புள்ளி உதிர்ந்திருக்கிறது.
எப்போது, எதனால்,
அறிக்கையில் அந்தப் பத்தி காலியாகவே கிடக்கிறது.

படம் அனுப்பியதற்கு ஏவால்ட் பதில் எழுதினார்:
ஒரு சக்கரம் வேறு சத்தம் போட்டால்
நாங்கள் சுத்தியலைச் சந்தேகப்படுவதில்லை.

தக்காளிப் பகுதியிலிருந்து தப்பி வந்த வண்டு ஒன்று
கோணல் உதட்டில் உட்கார்ந்து
எடையை வைத்துப் பார்த்தது.
கொஞ்சம் நகர்ந்து
மறுபடி வைத்தது.